இரவல் பெயர்

பெட்ரோபாவில்,
செப்டம்பர் 6

அன்புள்ள குல்சிபா அக்காவுக்கு,

வடக்கேயிருந்து தம்பி ஜெய்னோல்லாவின் சலாம். ஆடு மாடும் ஆட்களும் சுகம்தானே? உங்கள் காது இரைச்சல் குறைந்ததா? சொட்டு மருந்தைத் தூங்கப் போகும்போது விடச் சொன்னார்கள். நீங்கள் காலையில் விடுவதாக நுர்தாஸ் சொன்னான். மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் நலம். ரத்த அழுத்தம் காலையில் சரியாக இருக்கிறது, மாலையில் கொஞ்சம் ஏறுகிறது. கவலைப்படும் அளவுக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் மகன் நுர்தாஸ் மண் தோண்டும் வண்டிக்கு உதிரிப் பாகம் வாங்க வந்தவன், என்னோடு தங்கிவிட்டுப் போனான். அவன் கொண்டுவந்த முலாம்பழத்தின் வாசனை இன்னும் வீட்டில் இருக்கிறது. ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்து கொடுத்தான். கிளம்பும் அன்று காலுறையை மாட்டிக்கொண்டே, "மாமா, மருமகன் உரிமையில ஒண்ணு கேக்கலாமா?" என்றான்.

அக்கா, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அக்கா மகன் ஆயுளில் மூன்று முறை கேட்கலாம், தாய்மாமன் இல்லையென்று சொல்லக் கூடாது. கல்லூரியில் என்னோடு வேதியியல் கற்பித்தவர்கள் எல்லோரும், மருமகன் குதிரையைக் கேட்டான், கேமராவைக் கேட்டான் என்று பெருமையாக அலுத்துக்கொள்வார்கள். என்னிடம் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. அவன் கேட்டதைக் கொடுத்தேன். மிகச் சின்ன விஷயம்தான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான், அதனால் எழுதவில்லை.

வேறு செய்தி ஒன்று உண்டு. பெரியவர்கள் சபையில் என்னை ஒரு கூட்டத்தில் பேசச் சொல்கிறார்கள். தொலைபேசியில் பந்தயம் கட்டி அழிகிறவர்கள், "என்னை ஆட விடாதீர்கள்" என்று தாங்களே அரசிடம் பெயர் கொடுக்க ஒரு வழி இருக்கிறதாம். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. நான் எதையும் ஆடாதவன் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்களாம். எனக்குக் கூட்டம் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். முடியாது என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

நேற்று ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, நான் அவர்களுடைய மதிப்புமிக்க வாடிக்கையாளர் என்று வாழ்த்தினாள். எந்தக் கடை என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

மருமகள் ஐனாஷுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தம்பி,
ஜெய்னோல்லா


ஷியெலி,
செப்டம்பர் 25

என் தம்பி ஜெய்னோல்லா,

தெற்கிலிருந்து சூடான சலாம். எல்லோரும் சுகம். காது அப்படியே இருக்கிறது. நீ தொலைபேசியில் பேசினால் எனக்கு சமோவார் கொதிக்கும் சத்தம்தான் கேட்கிறது, அதனால் எழுது. மாலையில் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்றால் உப்பைக் குறை. உப்புத் தயிரில் செய்த குர்ட் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டே புத்தகம் படிக்கிறாய், எனக்குத் தெரியும்.

நெல் அறுப்பு நடக்கிறது. வெளியே போனால் வாயெல்லாம் தூசி.

நீ அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதியதால் இப்போது சொல்கிறேன். முன்பு சொல்லாததற்குக் காரணம், நீ கவலைப்பட்டுப் படுத்துக்கொள்வாய். போன குளிர்காலம் முழுவதும் நுர்தாஸ் அந்தப் பந்தயத்தில்தான் விழுந்து கிடந்தான். தொலைபேசியை வைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருப்பான். இரண்டு வயதுக் குதிரைக் குட்டியை விற்றுவிட்டு, திருடு போனது என்றான். நான் ஒரு நாள் முழுக்க அண்டை வீட்டாரைத் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் உண்மை தெரிந்தது.

ஐனாஷ் மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டாள். என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்திச் சொன்னாள்: "அத்தை, இந்த ஒரு தடவை பொறுத்துக்கறேன். இன்னொரு தடவைன்னா சண்டை போட மாட்டேன், அழவும் மாட்டேன். குழந்தைங்களக் கூட்டிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். நீங்க வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன்." அவள் சொன்னால் செய்வாள். அந்தக் குழந்தைகள் இல்லாமல் இந்த வீட்டில் நான் யாருக்காக அடுப்பு மூட்டுவது?

அதன் பிறகு ஏப்ரலில், நீ சொல்கிற அதே வழிதான், மக்கள் சேவை மையத்துக்குப் போய் எங்கள் இருவர் கண் முன்னால் பெயர் கொடுத்தான். அந்த வெள்ளிக்கிழமை, இறந்தவர்களுக்குச் சுடுவதுபோல் ஏழு ரொட்டி சுட்டு ஏழு வீட்டுக்குக் கொடுத்தேன். "யாரை நினைச்சுச் சுட்டீங்க? யாருக்கு வருஷம்?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "ஒரு பழக்கம் செத்துப் போச்சு" என்றேன். இப்போது ஐனாஷ் மறுபடி சிரிக்கிறாள்.

அதனால் கூட்டத்தில் நீ தைரியமாகப் பேசு. இந்த வழி நல்ல வழி, எங்கள் வீட்டில் பார்த்தேன் என்று சொல். பெயரை மட்டும் சொல்லிவிடாதே.

அது சரி, மருமகன் உரிமையில் என்ன கேட்டான்? மூன்றில் ஒன்று போய்விட்டது. உருப்படியாக எதையாவது கேட்டானா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா குல்சிபா


பெட்ரோபாவில்,
அக்டோபர் 17

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்து பலமுறை படித்தேன். அறுப்புத் தூசியில் இருமல் வரும், வெந்நீர் குடியுங்கள். இங்கே முதல் பனி விழுந்து, விழுந்த அன்றே உருகிவிட்டது. என் உடம்புக்குக் குறையில்லை.

கூட்டத்துக்காக அந்தத் திட்டத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து எழுதி வைத்துக்கொள்கிறேன். ஒருவர் பெயர் கொடுத்தால், பந்தய நிறுவனங்கள் எல்லாமே அந்த அடையாள எண்ணைப் பார்த்துக் கதவைச் சாத்த வேண்டும். குறைந்தது ஆறு மாதம், அதிகம் பத்து வருடம். இன்று எழுதிக் கொடுத்துவிட்டு நாளை மனம் மாறிவிட்டது என்று போய் நிற்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது ஒன்று தோன்றியது. மூடுவது பெயரைத்தான். ஆள் அப்படியேதான் இருக்கிறான். இதைக் கூட்டத்தில் சொல்லலாமா, கூடாதா என்று தெரியவில்லை. சொன்னால் நம்பிக்கை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

நுர்தாஸ் சரியாகத் தூங்குகிறானா? சாப்பிடுகிறானா? சும்மாதான் கேட்கிறேன்.

நீங்கள் கேட்ட விஷயம், முன்பே சொன்னதுபோல், மிகச் சின்னது.

குழந்தைகளுக்கு முத்தங்கள். ஐனாஷ் சிரிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்தேன்.

உங்கள் தம்பி,
ஜெய்னோல்லா


ஷியெலி,
நவம்பர் 4

தம்பி,

சலாம். எல்லாரும் சுகம். இருமல் வந்தது, போய்விட்டது. நீ கடிதத்தில் என்னை விட ஐனாஷைத்தான் அதிகம் விசாரிக்கிறாய்.

தூங்குகிறானா என்று கேட்டாய். கால்வாய் வேலை அதிகம், வீட்டுக்கு வந்தாலும் படுக்கையில் புரண்டுகொண்டே இருக்கிறான். சாப்பிடச் சொன்னால் "அப்புறம்மா" என்கிறான். ஆனால் கை தாராளமாகத்தான் இருக்கிறது. ஐனாஷுக்கு நரித்தோல் கழுத்து வைத்த கோட்டு வாங்கி வந்தான். அவள் அதைப் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் போய் வந்தாள். "அத்தை, ஓவர்டைம் பணமாம்" என்று என் காதில் கத்தினாள். ஊருக்கே கேட்டிருக்கும்.

குதிரை அடித்ததும் உனக்கு இறைச்சி அனுப்புகிறேன். ரயில் பெட்டிப் பணியாளரிடம் கொடுத்துவிடுவோம், நீ ஸ்டேஷனில் போய் வாங்கிக்கொள்.

என்ன கேட்டான் என்று மறுபடியும் நீ சொல்லவில்லை. சின்ன விஷயம் என்று இரண்டு கடிதத்தில் எழுதிவிட்டாய். நீ சின்ன வயதிலேயே அப்படித்தான். பானையை உடைத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டபடி நுழைவாய்.

தொப்பியில்லாமல் வெளியே போகாதே.

குல்சிபா


பெட்ரோபாவில்,
நவம்பர் 21

அன்புள்ள நுர்தாஸுக்கு,

ஷியெலி கால்வாய்ப் பிரிவு அலுவலக முகவரிக்கு இதை அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் உன் அம்மா பிரித்துவிடுவார். நான் அழைத்தால் நீ எடுப்பதில்லை. வண்டிச் சத்தத்தில் கேட்டிருக்காது. நீ சுகமா? வெட்டவெளியில் நிற்கிறாய், முதுகைப் பார்த்துக்கொள்.

மருமகன் உரிமையில் நீ என்ன கேட்டாய் என்று உனக்கு நினைவிருக்கும். தொலைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்து, "இதைப் பாருங்க மாமா, தலையை இடது பக்கம் திருப்புங்க, வலது பக்கம் திருப்புங்க, கண்ணைச் சிமிட்டுங்க" என்றாய். நான் திருப்பினேன், சிமிட்டினேன். பிறகு என் தொலைபேசிக்கு ஓர் எண் வந்தது, வாசித்துக் காட்டினேன். "எதுக்குன்னு கேட்டா உரிமை செல்லாது" என்றாய், நானும் கேட்கவில்லை.

அக்டோபரில் ஒரு பெண் மறுபடியும் அழைத்தாள். இம்முறை எந்த நிறுவனம் என்று கேட்டேன், சொன்னாள். மிகவும் மரியாதையான பெண். "ஐயா, வெள்ளிக்கிழமையிலருந்து ஒரு பந்தயமும் கட்டலையே, உடம்புக்கு முடியலையா?" என்று விசாரித்தாள். நலமாக இருக்கிறேன் என்றேன். என் உடல்நலத்தை இவ்வளவு அக்கறையாக வேறு யாரும் கேட்பதில்லை.

உன்னைத் திட்டி மூன்று கடிதம் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்றும் தோன்றியது. படித்தவன், கேட்டிருக்க வேண்டும். கேட்டது என் அக்கா மகன் என்ற மகிழ்ச்சியில் கேட்கவில்லை.

அதனால் இன்று மக்கள் சேவை மையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "தாத்தா, யார் பேரைக் கொடுக்கணும்? பேரன் பேரையா? அவங்களே நேர்ல வரணும்" என்றாள். "என் பேரைத்தான்" என்றேன். அவள் என் மேலங்கியையும் கண்ணாடியையும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெக்கப்படாதீங்க தாத்தா, நிறையப் பேர் வர்றாங்க. எத்தனை வருஷம் போடட்டும்?" என்றாள். பத்து என்றேன். அவள் நல்ல மனத்தோடு, "இந்த வயசுல பத்து வருஷம் தேவையா, அஞ்சு போதுமே" என்றாள். அவ்வளவு ஆசை இருக்கிறது என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் அரசு அலுவலகத்தில் பொய் சொன்னேன்.

ஆகவே, இனி என் பெயரில் அந்தப் பந்தயக் கணக்கு திறக்காது. திறக்காதபோது இயந்திரக் கோளாறு என்று நீ குழம்பக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். மருமகன் கேட்டால் மறுக்கக் கூடாது என்பதுதான் வழக்கம். மாமன் சேவை மையத்துக்குப் போகக் கூடாது என்று வழக்கத்தில் இல்லை என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உன் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஐனாஷிடம் சொல்ல வேண்டியவன் நான் அல்ல.

உன் மாமா,
ஜெய்னோல்லா


பெட்ரோபாவில்,
டிசம்பர் 19

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, சில வேலைகள் இருந்தன. கூட்டம் நடந்து முடிந்தது. சுமாராகப் பேசினேன். கூட்டத்தைப் பற்றி வேறொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

இறைச்சி வந்து சேர்ந்தது. பெட்டிப் பணியாளர் பொட்டலத்தை இறக்கிவிட்டு, "பெரியவரே, உங்க அக்கா பாதிக் குதிரையை அனுப்பியிருக்காங்க" என்றார். தனி ஆளுக்கு இது அதிகம். மாடியில் இருக்கும் குடும்பத்துக்குக் கொஞ்சம் கொடுத்தேன்.

நுர்தாஸுக்குக் கால்வாய் முகவரியில் ஒரு கடிதம் போட்டிருந்தேன். பதில் இல்லை. பதில் எதிர்பார்த்து எழுதியதும் அல்ல. அவன் எப்படி இருக்கிறான்? அதை மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

பனி ஜன்னல் வரை ஏறிவிட்டது. நீங்கள் முற்றத்தில் வழுக்கி விழாமல் நடங்கள்.

ஜெய்னோல்லா


ஷியெலி,
ஜனவரி 13

ஜெய்னோல்லா,

சலாம் சொல்ல மறந்தால் என்னை மன்னிக்காதே, சலாம். நாங்கள் சுகம். நீ சுகமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

என் காதுதான் செத்தது, ஊரின் நீண்ட காது நன்றாகத்தான் கேட்கிறது. உங்கள் ஊரில் மருமகளாக இருக்கும் நம் ஒன்றுவிட்ட தங்கை மகள் இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்தாள். விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியம்மா, ஜெய்னோல்லா மாமா நூலக மண்டபத்துல எல்லார் முன்னாடியும் எழுந்து, 'என் பேரும் அதுல இருக்கு'ன்னாராமே. அவரும் ஆடுவாரா?" என்றாள். நான், சரியாகக் கேட்கவில்லை என்று மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். மூன்று முறையும் அதையேதான் சொன்னாள். அதற்குள் பந்தியே திரும்பிப் பார்த்தது.

நீயா? சின்ன வயதில் ஆட்டுக் கணுக்கால் எலும்பை வைத்து விளையாடக் கூப்பிட்டாலே, தோற்றால் என்ன செய்வது என்று என் பாவாடைக்குப் பின்னால் ஒளிவாயே, அந்த நீயா? உன் மனைவி இறந்துபோன பிறகு அந்த வீட்டில் தனியாக என்ன செய்வாய் என்று நான் யோசித்திருக்க வேண்டும். இறைச்சி அனுப்பினேன், காது இரைச்சலைப் பற்றி எழுதினேன். ஒரு தடவைகூட, பொழுது எப்படிப் போகிறது என்று கேட்கவில்லை.

திட்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. பெயர் கொடுத்துவிட்டாய் அல்லவா, அது போதும். இங்கே யார் கேட்டாலும், "ஆமா, ஆடினான். நிறுத்திட்டான். உங்க தம்பி எதை நிறுத்தினான்?" என்று கேட்டு வாயை அடைக்கிறேன்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நுர்தாஸை உன்னிடம் அனுப்புகிறேன். கால்வாயில் இப்போது வேலை இல்லை. அவனுக்கு இந்த நோய் தெரியும், வெளியே வந்த வழியும் தெரியும். உனக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும். அவனிடம் சொன்னேன். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். இரவு வந்து, "போறேம்மா" என்றான்.

அவன் சொல்வதைக் கேள்.

உன் அக்கா


பெட்ரோபாவில்,
ஜனவரி 28

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்தது. நான் நலம். அழுத்தம் மாலையில்கூட ஏறவில்லை, ஏன் என்று தெரியவில்லை.

கேள்விப்பட்டது உண்மைதான். என் பெயர் அதில் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். நான் எழுதி வைத்ததை வாசித்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். கம்பளித் துண்டு போர்த்திய ஓர் அம்மா எழுந்து, "எம் பையன்கிட்ட இதை எப்படிச் சொல்றது? பேரைக் கொடுன்னா, 'நான் என்ன குடிகாரனா, பைத்தியமா'ன்னு கதவைச் சாத்திட்டுப் போயிருவான்" என்றார். பின்வரிசையில் ஒருவர், "பேரைக் கொடுத்தா நாளைக்கு வேலை செய்ற இடத்துல தெரிஞ்சிரும். அப்புறம் யாரு மதிப்பாங்க?" என்றார். அது அப்படிப் பலகையில் ஒட்டி வைக்கும் விஷயம் அல்ல என்று விளக்கினேன். அவர் சிரித்தார். "உங்களுக்கென்ன வாத்தியாரே. நீங்க சீட்டுக்கட்டைக்கூடத் தொட்டிருக்க மாட்டீங்க. வெக்கம் எங்களுக்குத்தானே? வெள்ளைச் சட்டை போட்டவங்க வந்து, அழுக்கு இல்லைன்னு சொன்னா போயிருமா?"

அவர் சொன்னது நியாயம் என்று எனக்குப் பட்டது. அடுத்து என்ன சொல்வது என்று தாளில் தேடினேன். அதில் ஒன்றும் இல்லை. அப்போதுதான், "என் பேரும் அதுல இருக்கு" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

கொட்டாவி நின்றது. கூட்டம் முடிந்த பிறகு, சிரித்த அந்த மனிதர் மேலங்கியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டே, "எந்தக் கவுண்டர்?" என்று கேட்டார். சொன்னேன்.

இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை, அக்கா. என்னைப் பற்றி நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. நுர்தாஸ் வரட்டும். அவன் வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

உங்கள் தம்பி,
ஜெய்னோல்லா


பெட்ரோபாவில்,
பிப்ரவரி 17

அம்மா,

நுர்தாஸ் எழுதுகிறேன். உன் காது எப்படி இருக்கிறது? நான் சுகம். மாமாவும் சுகம். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு கையால் ஒரு பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தொலைபேசியில் சொன்னால் உனக்குக் கேட்காது. கத்திச் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை.

நான் இறங்கும்போது மாமா ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தார். "எதுக்கு அனுப்பினாங்க?" என்றார். "உங்களைப் பார்த்துக்க" என்றேன். "சரி, பார்த்துக்க. முதல்ல பசிக்குதா, சொல்லு" என்றார். அவ்வளவுதான். இத்தனை நாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் எனக்கும் சேர்த்துக் கஞ்சி வைக்கிறார், மாலையில் செஸ் பலகையை எடுக்கிறார், என் முறை வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறார். திட்டியிருந்தால் நான் எப்போதோ ஊருக்குத் திரும்பியிருப்பேன்.

நேற்று ஓர் அம்மா வந்தார். கூட்டத்தில் மாமாவைப் பார்த்தவராம். அவருடைய மகன் அன்று காலையில்தான் பெயர் கொடுத்தானாம், நன்றி சொல்ல வந்தார். நான் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அவர் மாமாவிடம், "இந்த வயசுல, இவ்வளவு படிச்சவர், இந்த அவமானத்தை எப்படித் தாங்குறீங்க?" என்று கேட்டார். மாமா, "தேநீர் ஆறுது, குடிங்க" என்றார். அந்த அம்மா விடவில்லை. "எத்தனை வருஷமா ஆடினீங்க? எதுல விழுந்தீங்க?" மாமாவுக்குப் பதில் தெரியவில்லை, அம்மா. ஆடியிருந்தால்தானே தெரியும்? கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

நான் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். "அவர் ஆடினதே இல்ல. அவர் பேர்ல ஆடினது நான். நான் அவரோட அக்கா மகன்" என்றேன். அந்த அம்மா கத்தியைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

முன்பின் தெரியாதவரிடம் சொன்ன பிறகு உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. ஏப்ரலில் உங்கள் முன்னால் என் பெயரை மூடினேன். அது பொய்யில்லை, அன்று நிஜமாகவே நிறுத்தத்தான் நினைத்தேன். ஆகஸ்டில் மாமா வீட்டுக்கு வந்து, மருமகன் உரிமையில் அவருடைய முகத்தையும் பெயரையும் வாங்கினேன். கோட்டு அதில் வந்ததுதான். மற்றதெல்லாம் போனதுதான். அவர் போய் அதையும் மூடிவிட்டு, எனக்கு எழுதினார், உங்களுக்கு எழுதவில்லை. அந்தக் கடிதம் வந்த பிறகு நான் ஆடவில்லை. ஆடப் பெயர் இல்லை என்பதுதான் காரணம். வேறு பெரிய காரணம் சொல்ல ஆசைதான்.

இதை ஐனாஷுக்கு நீ வாசித்துக் காட்டாதே. அவள் கையிலேயே கொடு. அவள் போக முடிவு செய்தால் குறுக்கே நிற்காதே. குழந்தைகளுடைய பூட்ஸ் பரணில் இருக்கிறது.

உன் மகன்,
நுர்தாஸ்


ஷியெலி,
மார்ச் 12

என் தம்பி ஜெய்னோல்லா,

வசந்தம் வந்துவிட்டது, சலாம். சிர் ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போகிறது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

நுர்தாஸின் கடிதத்தை ஐனாஷ் நின்றுகொண்டே படித்தாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் எனக்கு எங்கே காது. பரணிலிருந்து பூட்ஸை எடுத்துக் குழந்தைகளுக்கு மாட்டினாள். போகப் போகிறாள் என்று நினைத்து, பயணத்துக்கு ரொட்டி சுட ஆரம்பித்தேன். மாவு கையில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

"அத்தை, அடையாள அட்டையை எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். விவாகரத்துக்குச் சாட்சி தேவைப்படுகிறது போலிருக்கிறது என்று நானும் எடுத்துக்கொண்டு போனேன். மக்கள் சேவை மையத்தில் அவள் முதலில் தன் பெயரைக் கொடுத்தாள். பிறகு என்னை முன்னால் தள்ளினாள். கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்களும் பந்தயம் கட்டுவீங்களா?" என்று கேட்டாள். எனக்குக் கேட்டது. "கட்டாம? பெரிய ஆட்டக்காரி நான்" என்றேன். ஐனாஷ் அவளிடம் சொன்னாள்: "அவருக்கு இரவல் குடுக்க எங்க வீட்டுல ஒரு பேர்கூட மிச்சம் இருக்கக் கூடாது. அதுக்குத்தான்."

அதோடு விடவில்லை. நுர்தாஸின் சித்தப்பா வீட்டுக்குப் போனாள். அவர், "என் பேரு கெட்டுப் போகும் மருமகளே, நான் வரல" என்றார். "அப்ப அவர் வந்து கேட்டா குடுத்துருவீங்களா?" என்றாள். அவர் அன்று மாலையே தொப்பியை மாட்டிக்கொண்டு மையத்துக்குப் போனார். அவருடைய மனைவியும் போனாள். இப்போது ஷியெலியில் எங்கள் குடும்பத்தைப் போலச் சூதாடிக் குடும்பம் வேறில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். கடைக்காரர் எனக்கு அறிவுரை சொல்கிறார். கேட்டுக்கொள்கிறேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நூலக மண்டபத்துக் கதையை நுர்தாஸிடம் நான் சொன்னபோது, தேநீர்க் கிண்ணத்தோடு அவன் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்குக் கண் நன்றாகத் தெரியும். நீ எழுதாமல் விட்டது என்ன என்று அன்றைக்கே பாதி புரிந்துவிட்டது. யார் யாரைப் பார்த்துக்கொள்ள அவனை அனுப்பினேன் என்று நீயும் புரிந்துகொண்டிருப்பாய்.

ஐனாஷ் அவனை மன்னித்துவிட்டாள் என்று எழுத ஆசை. அப்படி எதுவும் சொல்லவில்லை. கோட்டை விற்றுவிட்டாள். அவன் பெயரை வாயில் எடுப்பதில்லை. ஆனால் நேற்று, "அத்தை, வடக்கேயிருந்து வர்ற வண்டி எந்தெந்த நாள்?" என்று கேட்டாள். காது கேட்காததுபோல் இருந்தேன். மறுபடியும் கேட்டாள்.

அவனை அனுப்பி வை. உப்பைக் குறை. உடம்பைக் கவனித்துக்கொள்.

அந்தப் பட்டியலில் உன்னோடு சேர்ந்திருக்கும் உன் அக்கா,
குல்சிபா